தம்பி காணாமல் போய் 28 ஆண்டுகள்: அம்மாவிடம் என்ன சொல்வது?

1997ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழாவில், அழகர் வைகையில் இறங்கிய அன்று காலை, ஐந்து வயதுத் தம்பி கூட்டத்தில் காணாமல் போனான். 28 ஆண்டுகளாக அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்பா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். ஓட்டு வீடு இற்றுப்போய்விட்டது, இடித்துக் கட்டியாக வேண்டும். ஆனால் "அவனுக்குத் தெரிந்தது இந்த வீடு ஒன்றுதான்" என்று அம்மா மறுக்கிறார். காரியத்தைச் செய்து முடித்துவிடுங்கள் என்று உறவினர்கள் நெருக்குகிறார்கள். உண்மையை அம்மா ஏற்றுக்கொள்ளும்படி செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதி முடித்தபின், அடைப்புக்குறிக்குள், "அன்று அவன் கையைப் பிடித்திருந்தது நான்தான், எனக்கு ஒன்பது வயது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். வீடு, சொத்து, சடங்கு என்று நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை உங்களை எழுதவைத்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுவதால், அதற்கும் வருவேன். நான் 26 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளையைத் தொலைத்த குடும்பங்கள் சிலவற்றோடு நெடுநாள் பழகியிருக்கிறேன். அவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், அம்மா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் சொல்லும் உண்மை எது? தம்பி இறந்துவிட்டான் என்பது உங்களுக்குத் தெரியாது. உயிரோடிருக்கிறான் என்பதும் அம்மாவுக்குத் தெரியாது. அவன் எங்கே, எப்படி இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியவில்லை என்பது மட்டுமே இந்த வீட்டில் உறுதியான உண்மை. பின்னாளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பாலின் பாஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இந்த நிலைக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதைத் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். சாவு வீட்டில் உடல் உண்டு, ஒப்பாரி உண்டு, பதினாறாம் நாள் உண்டு, அதன்பின் ஊரே சேர்ந்து அந்தக் குடும்பத்தை மெல்ல அன்றாட வாழ்வுக்குத் திருப்பிவிடும். பிள்ளை காணாமல் போன வீட்டுக்கு இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. துக்கம் விசாரிக்க வருபவருக்கே என்ன சொல்லி விசாரிப்பது என்று தெரியாது. ஆகவே உங்கள் அம்மா இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் நிற்பது அவருடைய மனத்தின் கோளாறு என்று கருதாதீர்கள். அவருக்கு நேர்ந்த இழப்பின் தன்மையே அப்படிப்பட்டது. நீடித்த துயரத்தை ஒரு நோயாக வரையறுக்கும் இன்றைய மருத்துவக் கையேடுகள்கூட, நெருங்கிய ஒருவர் இறந்திருப்பதை முதல் நிபந்தனையாக வைக்கின்றன. மரணமே உறுதியாகாத ஒரு வீட்டுக்கு அந்த அளவுகோலை அப்படியே பொருத்த முடியாது.

ஒரு தாயை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்கு வயதில் காணாமல் போன மகனுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு சட்டை எடுப்பார். அளவு தெரிய வேண்டுமே, அதற்காக அடுத்த தெருவில் அதே மாதம் பிறந்த ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தார். அவன் வளர வளர இவர் எடுக்கும் சட்டையும் வளர்ந்தது. அந்தப் பையன் வேலைக்கு வெளியூர் போன ஆண்டு, ஜவுளிக்கடையில் நின்று, எந்த அளவைக் கேட்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்றுதான் முதல்முறையாக என்னிடம் அழுதார். அந்தச் சட்டைகளை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று வீட்டார் பல ஆண்டுகளாக வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பையன் எப்படி இருந்திருப்பான், அப்பாவைப் போல உயரமா, மாமாவைப் போலக் கட்டையா என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். மகனைப் பற்றிப் பேச்செடுத்தால் அழுவாளே என்று பயந்து, அந்த வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் பெயரையே யாரும் சொல்லியிருக்கவில்லை.

உறுதியாக ஒன்று சொல்கிறேன். இப்படிப்பட்ட குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் இழப்பினால் மட்டும் அன்று, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தாலும்தான். ஒருவர் நம்பியிருப்பார், ஒருவர் கைவிட்டிருப்பார், ஒருவர் காலையில் நம்பி இரவில் கைவிடுவார். மூவரும் ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடலாம், ஒருவர் மற்றவரைத் திருத்த முனையாதவரை. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு கல்யாணம் செய்யலாம், வீடு கட்டலாம், பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம். பாஸ் தம் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியதும் ஏறக்குறைய இதைத்தான். இதை நான் கண்ணாலும் கண்டிருக்கிறேன்.

அவன் உயிரோடிருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்ல எவராலும் முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். ஆற்றங்கரைக் கூட்டத்தில் தவறிய குழந்தைக்கு எதுவும் நேர்ந்திருக்கலாம், மிகக் கொடியதும் அதில் அடக்கம். ஆனால் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் இடமில்லை. 1986இல் மத்தியப் பிரதேசத்தின் காண்டுவாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் சாரூ, புர்கான்பூர் நிலையத்தில் ரயிலேறித் தூங்கிப்போய், ஹௌராவில் போய் இறங்கினான். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தன் பெயரையே ஷேரு என்பதற்குப் பதில் சாரூ என்று உச்சரித்தான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு தம்பதி அவனைத் தத்தெடுத்தார்கள். வளர்ந்தபின் கூகுள் எர்த் படங்களில் ரயில் பாதைகளைத் தொடர்ந்து தேடி, நினைவிலிருந்த தண்ணீர்த் தொட்டியையும் பாலத்தையும் கண்டுபிடித்து, 2012இல் தாயிடம் வந்து சேர்ந்தார். நம் சென்னையிலேயே 1990களின் இறுதியில் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் சிலர், பொய்யான ஆவணங்களோடு வெளிநாடுகளுக்குத் தத்து கொடுக்கப்பட்டது 2005இல் வெளிவந்து, பின்னர் சிபிஐ விசாரணைக்குப் போனது. இவை அரிதானவை. அம்மாவுக்கு நம்பிக்கையூட்டும் கதைகளாக இவற்றைச் சொல்ல வேண்டாம். அவர் காத்திருப்பது மூடத்தனம் என்று உறவினர்கள் பேசும்போது, அப்படி இல்லை என்று நீங்கள் தெரிந்திருந்தால் போதும்.

வீட்டைப் பற்றியும் இங்கிருந்தே பேசலாம். சாரூவின் தாய் 25 ஆண்டுகளாக அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. மகன் திரும்பினால் தன்னைத் தேடி அங்கேதான் வருவான் என்று நம்பினார். சாரூ வந்தபோது பழைய வீடு பூட்டிக் கிடந்தது, தாய் சில அடி தூரத்தில் வேறொரு வீட்டில் இருந்தார், அக்கம்பக்கத்தார்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். 1979 மே 25 அன்று நியூயார்க்கில் பள்ளிப் பேருந்துக்கு நடந்து போகும் வழியில் காணாமல் போன ஆறு வயது ஈட்டன் பாட்ஸின் பெற்றோரும், பல பத்தாண்டுகள் அதே வீட்டில், அதே தொலைபேசி எண்ணோடு இருந்தார்கள். ஒருநாள் அவன் அழைத்துவிட்டால் எண் மாறியிருக்கக் கூடாது என்பதுதான் காரணம். உங்கள் அம்மா சொல்வதும் இதுவேதான். அப்படியானால் அவரிடம் பேச வேண்டியது, அவன் வரமாட்டான் என்ற வாதத்தை அன்று. அவன் வந்தால் இடம் தெரிய வேண்டும், அதற்கு எதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கட்டடம் நினைவிருக்காது. வாசல் திண்ணை, கிணறு, வேப்பமரம், எதிர்வீட்டு நீலக் கதவு, தெருமுனைப் பிள்ளையார், இவைதான் நிற்கும். பழைய நிலைக்கதவைப் புது வீட்டுக்கும் வைக்கலாம், மரத்தை வெட்டாமல் கட்டலாம், இடிப்பதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் படமெடுத்து வைக்கலாம். கட்டும்வரை வாடகைக்குப் போகும் வீடு அதே தெருவில் அமைந்தால் மிக நல்லது. பெட்டிக்கடைக்காரரிடமும் அக்கம்பக்கத்திலும் புது முகவரியையும் எண்ணையும் கொடுத்து வைக்கும் வேலையை அம்மாவே செய்யட்டும். நிலைக்கதவைப் பெயர்க்கும் நாளில் ஆசாரியோடு அவரும் நிற்கட்டும். இப்படிக் கேட்கப்பட்டபோது சம்மதித்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சம்மதித்துவிடுவார்கள் என்று உறுதி தர மாட்டேன்.

சட்டம் என் துறை இல்லை, ஆனால் இந்தக் குடும்பங்களோடு நீதிமன்றப் படிகளில் ஏறியதால் சில அடிப்படைகள் தெரியும். உயிரோடிருந்தால் இயல்பாகத் தகவல் அறிந்திருக்கக் கூடியவர்கள் ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமில் அது 111ஆம் பிரிவு. ஏழு ஆண்டு முடிந்த மறுநாள் ஒருவர் தானாக இறந்தவராகிவிடுவதில்லை. வழக்கில் அந்தக் கேள்வி எழும்போதுதான் அவர் இறந்துவிட்டார் என்ற அனுமானம் பிறக்கிறது என்றும், எந்தத் தேதியில் இறந்தார் என்பதை அது சொல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் 2004இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே உரிமையியல் நீதிமன்றத்தில், இறந்தவராகக் கருதி அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குவதே முறையான வழி. வீடு அப்பாவின் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலும் வேண்டியிருக்கும். அப்போது யாராவது ஒருவர், பிள்ளை ஒருத்திதான் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், வேலை சுலபமாக முடியும் என்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பொய்யான வாக்குமூலம், பின்னாளில் பத்திரத்துக்கே சிக்கலாகும். அதைவிட, தான் பெற்ற பிள்ளை பிறக்கவே இல்லை என்று அம்மாவைக் கையெழுத்திட வைக்கும் செயல் அது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தம்பி அப்பாவுக்கு முன்பே இறந்ததாகக் கொண்டால் அவன் பங்கு என்று ஒன்று இல்லை. பின்னர் இறந்ததாகக் கொண்டால், மனைவி மக்கள் இல்லாத நிலையில் அவன் பங்கு அம்மாவுக்கே வரும். எப்படியும் சொத்து உங்கள் இருவரையும் தாண்டிப் போகாது என்பதால், குறுக்குவழிக்கு அவசியமே இல்லை. விவரங்களுக்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அந்தத் தீர்ப்பை அம்மா மரணச் செய்தியாகப் புரிந்துகொள்வார் என்பதுதான் இதில் உள்ள வலி. இலங்கையில் போர்க்காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் மரணச் சான்றிதழை வாங்க மறுத்ததும் இதனால்தான். அங்கே 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்ததாகச் சொல்லாமல் காணாமல் போயிருப்பதை மட்டும் உறுதிசெய்யும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தார்கள். அதையும் ஏற்காமல், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்தவர்கள் உண்டு. "காணாமல் போனவர்கள்" என்று சொல்லாதீர்கள், "காணாமல் ஆக்கப்பட்டவர்கள்" என்று சொல்லுங்கள் என்று அவர்கள் சொல்லையே திருத்தினார்கள். உங்கள் தம்பியின் நிலை வேறு, அதை அதனோடு ஒப்பிடவில்லை. ஒரு தாளில் எழுதப்படும் சொல் ஒரு தாய்க்கு எவ்வளவு கனக்கும் என்பதற்காகச் சொன்னேன். இந்தியாவில் அப்படிப்பட்ட இடைநிலைச் சான்றிதழ் இல்லை. ஆகவே வழக்குப் போடுமுன் அம்மாவிடம், இது நிலத்துக்காகச் சட்டம் வைத்திருக்கும் ஒரு கணக்கு, அவன் நாளை வந்து நின்றால் அந்தத் தீர்ப்பு அவனை ஒன்றும் செய்யாது என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

காரியம் செய்வது பற்றி: நம் சாத்திரங்கள் இந்த நிலையை அறிந்தே இருந்தன. நெடுங்காலம் தகவல் இல்லாதவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, தர்ப்பையாலோ பலாச இலையாலோ உருவம் செய்து தகனம் செய்யும் முறை தர்ம சாத்திர நூல்களில் உண்டு. காத்திருக்கும் காலம் நூலுக்கு நூல் மாறுகிறது. அதே மரபு, அப்படிக் கருமம் செய்யப்பட்டவர் திரும்பி வந்துவிட்டால் அவருக்கு மறுபடியும் பிறப்புச் சடங்கு முதல் எல்லாவற்றையும் செய்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி வைத்திருக்கிறது. சடங்கு செய்த பிறகும் கதவைத் திறந்தே வைத்திருந்த அந்தக் கரிசனம் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். உங்கள் குலவழக்கில் இது உண்டா என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆனால் முடிவு அம்மாவுடையதாக இருக்க வேண்டும். உறவினர்கள் திதி குறித்து அழைத்துப் போய் உட்காரவைத்த ஒரு தாய், அதன்பின் தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்து மாதக்கணக்கில் உண்ணாமல் கிடந்ததை நான் பார்த்தேன். வேறொரு குடும்பத்தில் சடங்கு எதுவும் செய்யாமல், அவன் பிறந்த நாளில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார்கள். யாருக்கு எது ஆறுதலாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிவு என் துறைக்கு இல்லை.

தேடலை முழுதும் விட்டுவிட வேண்டியதில்லை, அதற்கு ஓர் எல்லை மட்டும் வேண்டும். 1997இல் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் வழக்காகப் பதிவானதா, அல்லது ரசீதோடு நின்றதா என்று பாருங்கள். காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்பு பதியப்படாமல் இன்னும் கிடைக்காத குழந்தைகளின் வழக்குகளுக்கும் அது பொருந்தும். காணாமல் போன குழந்தைகளுக்கான மத்திய அரசின் ட்ராக்சைல்டு பதிவுகள் இப்போது மிஷன் வாத்சல்யா தளத்தில் சேர்ந்துள்ளன. அதில் தம்பியின் விவரம் இருக்கிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். அம்மாவின் மரபணு மாதிரியை அவர் இருக்கும்போதே ஆய்வகம் ஒன்றில் எடுத்துப் பாதுகாக்க வழி தேடுங்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சிக் காலத்தில் பறிக்கப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், 1987இல் அமைந்த அரசு மரபணு வங்கியில் தம் இரத்தத்தைக் கொடுத்து வைத்தார்கள். அவர்களில் பலர் இறந்த பின்னும் பேரப்பிள்ளைகள் நாற்பது வயதைத் தாண்டி அடையாளம் காணப்பட்டார்கள். இந்தியாவில் அப்படிப்பட்ட மரபணு வங்கிக்கான சட்ட முன்வரைவு 2023இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டதால், நாமே முயன்றால்தான் உண்டு.

இன்னொரு தாளும் தயார் செய்யுங்கள். அதில் முகவரி வேண்டாம், அவன் பேசிய சொற்களை எழுதுங்கள். பாட்டியை என்னவென்று கூப்பிட்டான், எந்த நாய்க்குப் பயந்தான், ஆற்றுக்குப் போகும் வழியில் எதைக் காட்டி நிற்பான், உடலில் எங்கே தழும்பு. தொலைந்த பிள்ளை ஒருவேளை எதையாவது நினைவில் வைத்திருந்தால், அது இந்த வகையாகத்தான் இருக்கும். தழும்பு பற்றிய குறிப்பை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்திருங்கள். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 1977இல் ஒரு நிலக்கிழாரின் மகன் காணாமல் போனான். 1981இல் துறவிக் கோலத்தில் ஒருவன் வந்து, நான்தான் அந்த மகன் என்று சொல்லி வீட்டில் அமர்ந்துவிட்டான். தலையில் இருந்த தழும்பு இவனுக்கு இல்லை என்று தாய் சொன்னதை ஊர் பொருட்படுத்தவில்லை. அவன் மரபணுச் சோதனைக்கும் உடன்படவில்லை. ஆள்மாறாட்டம் என்று தீர்ப்பு வந்தது 2022இல்தான், அந்தத் தாய் அதற்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார். "அவனைப் பம்பாயில் பார்த்தேன், பணம் அனுப்புங்கள்" என்ற அழைப்புகளும், மை போட்டுப் பார்த்துத் திசை சொல்பவர்களும் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். இனி வரும் தகவல் எதுவும் முதலில் உங்களிடம் வரட்டும், சோதித்தபின் அம்மாவிடம் போகட்டும்.

அம்மா காத்திருப்பதற்கு மருத்துவம் தேவையில்லை என்றேன். ஆனால் உறக்கமோ உணவோ வாரக்கணக்கில் கெட்டால், வெளியே வர மறுத்தால், சாவதைப் பற்றிப் பேசினால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இது உங்களுக்கும் பொருந்தும்.

இப்போது அந்தக் கை. அழகர் இறங்கும் வேளையில் வைகைக் கரையில் நின்றவருக்குத் தெரியும். கூட்டம் ஒரு பக்கம் சாயும்போது கால் தரையில் பாவாமலே நான்கைந்து அடி நகர்ந்துவிடுவோம். கைகோத்து நிற்கும் பெரியவர்களே பிரிந்து போவார்கள். வியர்வையும் பீய்ச்சிய தண்ணீருமாக நனைந்த ஐந்து வயதுக் கையை ஒன்பது வயது விரல்கள் அந்த நெருக்கத்தில் பிடித்து வைத்திருக்க முடியாது, பிடித்து வைத்திருக்க வேண்டிய பொறுப்பும் அந்தக் குழந்தையுடையது அன்று. நினைவைப் பற்றியும் ஒன்று. நடந்ததை மனம் ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் சற்றே மாற்றித் திரும்ப வைக்கிறது என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்டது. "நான் விட்டுவிட்டேன்" என்று நீங்கள் இன்று காண்பது, 28 ஆண்டுகள் நீங்களே திரும்பத் திரும்ப எழுதிய காட்சியாகவும் இருக்கலாம். அன்று என்ன நடந்தது என்பதை என்னால் சொல்ல முடியாது. அந்தச் சிறுமியின்மேல் குற்றமில்லை என்பதைச் சொல்ல முடியும்.

இதை அம்மாவிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? சந்தையில் தம்பியைத் தொலைத்த ஒரு பெண், நாற்பது வயதில், என் முன்னால் உட்கார்ந்து தன் தாயிடம் முதல்முறையாகச் சொன்னார். தாய் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "நான் வளையல் கடையில நின்னுட்டேன் தாயி, நீங்க ரெண்டு பேரும் கூப்பிட்டீங்க, நான் திரும்பிப் பாக்கல" என்றார். முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருவரும் அதைத் தனித்தனியே சுமந்திருந்தார்கள். வீட்டைப் பற்றிப் பேசும் முன், ஒரு மாலை நேரத்தில், அந்தச் சொற்களின் தாளை எழுத அம்மாவோடு உட்காருங்கள். தம்பி உங்களை எப்படிக் கூப்பிடுவான் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். மற்றது அங்கிருந்து வரட்டும்.